பெரிய நாய்க்குச் சைவ உணவு: தராசில் தொடங்கும் வேலை

நாய் இறைச்சி இல்லாமல் வாழுமா என்றால், வாழும். பூனைக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. டாரின் என்ற அமினோ அமில வகை, வைட்டமின் ஏ, அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மூன்றையும் பூனை உணவிலிருந்து நேராகப் பெற வேண்டும். நாயின் உடல் இவற்றைத் தானே செய்துகொள்ளும். கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை அது வைட்டமின் ஏ ஆக மாற்றும், மாவுச்சத்தையும் நன்றாகச் செரிக்கும். ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு 2 பிரதிகளே உண்டு. நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதை 2013-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

8 கிலோ நாய்க்குச் செய்வதை அப்படியே ஐந்து மடங்காக்கி 40 கிலோ நாய்க்கு வைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உடல் பெரிதாகும்போது கிலோவுக்குத் தேவைப்படும் கலோரி குறைகிறது. ஓய்வு நிலையில் 10 கிலோ நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 39 கலோரி வேண்டும். 40 கிலோ நாய்க்கு அது 28 கலோரிதான். ஆக, அதே உணவைச் சாப்பிட்டாலும் பெரிய நாயின் ஒவ்வொரு கிலோவுக்கும் போய்ச் சேரும் அமினோ அமிலமும் தாதுவும் கால் பங்குக்கும் மேல் குறைவு. சின்ன நாயில் பல ஆண்டுகள் தெரியாமல் போகும் குறை பெரிய நாயில் சீக்கிரம் வெளிப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பதிவில் சைவம் என்பது இறைச்சியும் மீனும் இல்லாத, ஆனால் முட்டையும் பாலும் உள்ள உணவு. முட்டையும் கூடாது என்பவர்களுக்குத் தனியாகக் கீழே சொல்கிறேன். அந்த வழி இன்னும் கடினம்.

முதலில் யாருக்குக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளரும் குட்டிக்கு வீட்டில் சமைத்த சைவ உணவு வேண்டாம். பெரிய இனங்கள் 18 முதல் 24 மாதம் வரை வளர்கின்றன. அந்த வயதில் குடல் கால்சியத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்து மிச்சத்தை விடும் திறமை பெற்றிருக்காது, கொடுப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும். கூடினால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும். முழு வளர்ச்சியில் 32 கிலோவைத் தாண்டக்கூடிய குட்டிகளின் உணவில் 1000 கலோரிக்கு 4.5 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கக்கூடாது என்று விலங்கு உணவுக்கு அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு தனி உச்சவரம்பே வைத்திருக்கிறது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் வீட்டுச் சமையலை நிறுத்துவது மிகக் கடினம். சினையாக இருக்கும், பால் கொடுக்கும் நாய்களுக்கும் இதே பதில்தான். ஏற்கெனவே இதய நோய் உள்ள நாய்க்கும் வேண்டாம்.

மற்றபடி நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த நாய்க்குச் செய்யலாம். சில நோய்களில் மருத்துவரே இறைச்சியை நிறுத்தச் சொல்வதுண்டு. இறைச்சிப் புரதங்கள் ஒத்துக்கொள்ளாத நாய்கள் ஒரு வகை. சிறுநீரில் யூரேட் கல் உருவாகும் டால்மேஷியன் இன்னொரு வகை. டால்மேஷியனுக்குப் பருப்பையும் குறைத்து முட்டை, பால் பொருட்களை முதன்மையாக்குவார்கள், ஏனெனில் யூரேட்டாக மாறும் பியூரின் அவற்றில் மிகக் குறைவு.

கலோரிக் கணக்குக்குச் சாதாரண கால்குலேட்டர் போதும். நாயின் எடையை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, விடைக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். 40 கிலோவுக்கு 40×40×40 = 64,000. வர்க்கமூலம் 253, மறுபடி வர்க்கமூலம் 15.9. அதை 70-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,110. இது படுத்துக் கிடக்கும்போது மட்டும் ஆகும் செலவு. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் நாய்க்கு இதை 1.3 அல்லது 1.4-ஆலும், நன்றாக ஓடியாடும் நாய்க்கு 1.6-ஆலும் பெருக்க வேண்டும். கிடைப்பது 1,450-க்கும் 1,800-க்கும் இடையில் ஓர் எண். நான் 1,500-ல் தொடங்கச் சொல்வேன். அதன்பின் வாராவாரம் எடை பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரே இனத்தில், ஒரே எடையில் உள்ள இரண்டு நாய்களுக்குள்ளேயே தேவை பெரிதும் மாறும்.

இனி 40 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் உணவு. எல்லா எடையும் சமைப்பதற்கு முன் எடுத்தது. அரிசி 120 கிராம், மசூர் பருப்பு 90 கிராம், மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை 50 கிராம், முட்டை 5, பறங்கிக்காயும் கேரட்டும் சேர்த்து 150 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 20 கிராம். மொத்தம் ஏறக்குறைய 1,500 கலோரி, 88 கிராம் புரதம். 1000 கலோரிக்கு 59 கிராம் என்று ஆகிறது. ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சம் 45 கிராம். பருப்புப் புரதம் இறைச்சிப் புரதம்போல் முழுதாகச் செரிக்காது என்பதால் வேண்டுமென்றே கூடுதலாக வைத்த அளவு இது.

ஆனால் நாயின் சைவ உணவைப் பற்றிப் பேசும்போது புரதத்தின் மொத்த அளவைவிட, கந்தகம் உள்ள இரண்டு அமினோ அமிலங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெத்தியோனின், சிஸ்டைன். பருப்பு வகைகளில் இவை இரண்டும் குறைவு. நாயின் ஈரல் டாரினைச் செய்வது இவற்றிலிருந்துதான். நாயின் பித்த அமிலங்கள் டாரினோடு மட்டுமே சேரும், வேறு எதனோடும் சேராது. உணவில் நார்ச்சத்து அதிகமானால் பித்தத்தோடு டாரினும் மலத்தில் கூடுதலாக வெளியேறும். மூலப்பொருள் குறைவு, இழப்பு அதிகம். இதோடு உடல் எடைக்கு ஏற்ற வேகத்தில் டாரின் செய்ய முடியாத பெரிய உடலும் சேர்ந்தால் இதயத் தசை பாதிக்கப்படலாம். இதயம் பலூன்போல விரிந்து வலுவிழப்பதை டைலேட்டட் கார்டியோமயோபதி என்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து, கோல்டன் ரெட்ரீவர் இனங்களில் டாரின் குறைபாட்டோடு இது சேர்ந்து காணப்பட்டிருக்கிறது. டோபர்மேன், கிரேட் டேன் போன்றவற்றுக்கு உணவு எப்படி இருந்தாலும் பரம்பரையாகவே இந்த நோய்க்கு வாய்ப்பு உண்டு.

மேலே சொன்ன அளவில் இந்த இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்து ஏறக்குறைய 3.2 கிராம் கிடைக்கின்றன. 1,500 கலோரிக்கு வேண்டிய குறைந்தபட்சம் 2.4 கிராம். கிடைப்பதில் பாதி முட்டையிலிருந்து வருகிறது. ஐந்து முட்டை அதிகம் என்று நினைத்து இரண்டாகக் குறைத்து, அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பும்போது போவது இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு முதன்மையாக உள்ள நாய் உணவுகளுக்கும் இந்த இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரிக்கத் தொடங்கியது. அந்த உணவுகளில் பெரும்பாலானவற்றில் இறைச்சியும் இருந்தது. பருப்புதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் பெரிய நாயின் தட்டில் பருப்பே ராஜ்யம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். மேலுள்ள அளவில் பருப்பின் பங்கு மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒன்றுதான். அரிசி, முட்டை, சோயா, எண்ணெய் என்று மற்றது பிரிந்து போகிறது. அரிசிக்குப் பதில் ஓட்ஸ் வைக்கலாம். புரதமும் மெத்தியோனினும் அதில் கூடுதல், நாரும் கூடுதல். பாதிக்குப் பாதி கலப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, டாரினைத் தனியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. பெரிய நாய்க்கு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், ஒரு நாளில் இரண்டு வேளை என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவு. தண்ணீரில் கரையும், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். இறைச்சியில் தாராளமாக இருந்து செடியில் ஏறக்குறைய இல்லாத எல்-கார்னிடினையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோறும் பருப்பும் முட்டையும் வைத்துவிட்டு நிறைவான உணவு என்று நினைப்பவர்கள் தவறவிடுவது தாதுக்களை. கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் தேவை குறைந்தது 1.9 கிராம். மேலுள்ள உணவில் இருப்பதோ 0.3 கிராம் அளவுதான். பாஸ்பரஸ் 1.5 கிராம் வேண்டும், இருப்பது 1.3. அதிலும் பருப்பிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி, தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற தாவரப் பொருளாகக் கட்டுண்டு கிடப்பதால் முழுதாக உடலில் சேராது. கால்சியம் எப்போதும் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரு மடங்காகவோ இருக்க வேண்டும். முட்டை ஓட்டுத்தூள் 3.5 கிராமும் டைகால்சியம் பாஸ்பேட் 1.5 கிராமும் சேர்த்தால் கால்சியம் 2 கிராமும் பாஸ்பரஸ் 1.6 கிராமும் ஆகிவிடும். ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, மிக்சியில் மாவுபோல் அரைக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் குடல் அதைச் சரியாக எடுக்காது. ஸ்பூனால் அளக்காதீர்கள். தட்டி நிரப்பிய ஸ்பூனுக்கும் தளர்வாக நிரப்பியதற்கும் வித்தியாசம் பெரிது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

துத்தநாகம் இன்னும் மோசம். 30 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10 மட்டுமே இருக்கிறது, அந்த 10-லும் ஒரு பங்கை ஃபைட்டேட் பிடித்துக்கொள்ளும். கூடுதலாகக் கால்சியம் போட்டால் உறிஞ்சுவது மேலும் குறையும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் பொருக்குத் தட்டுவது, பாதத்தின் அடி தடித்து வெடிப்பது, முடி மங்குவது எல்லாம் துத்தநாகக் குறையின் அடையாளம். இதைப் பார்த்துப் பலர் ஷாம்பு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஹஸ்கி, மாலமியூட் இனங்களுக்குத் துத்தநாகத்தை உறிஞ்சுவதிலேயே பிறவிக் குறை வருவதுண்டு என்பதால் அவற்றுக்குச் சைவம் என்றால் இரட்டை எச்சரிக்கை வேண்டும்.

அயோடின் 375 மைக்ரோகிராம், பி12 ஏறக்குறைய 10 மைக்ரோகிராம், வைட்டமின் ஈ 19 யூனிட், வைட்டமின் டி 190 யூனிட் என்று அன்றாடத் தேவை இருக்கிறது. நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதுமான அளவு செய்யாது, உணவில்தான் வர வேண்டும். முட்டையால் ஓரளவு ஈடாகும். பி12-ம் அயோடினும் முட்டையால் மட்டும் ஈடாகாது. கடற்பாசித்தூளில் அயோடின் அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதால் அதை நம்ப வேண்டாம். இவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கலப்பதைவிட, வீட்டில் சமைத்த நாய் உணவுக்கென்றே செய்த வைட்டமின்-தாதுக் கலவை ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது மேல். அப்படி வாங்கும்போது அதில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்து, முட்டை ஓட்டுத்தூளை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். இரண்டையும் முழு அளவில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மனிதர்களுக்கான மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்குக் கொடிய விஷம். அதிக வீரியமுள்ள வைட்டமின் டி சிறுநீரகத்தைக் கெடுக்கும். துத்தநாகம் அளவுமீறினால் சிவப்பணுக்கள் சிதையும்.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாக: லினோலிக் அமிலம் என்ற இன்றியமையாத கொழுப்பு அமிலத்துக்காகத்தான் அது. சூரியகாந்தி, சோள எண்ணெயில் நிறைய இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் மிகச் சொற்பம், ஆகவே அது இதற்கு மாற்றாகாது. ஆளிவிதையிலுள்ள ஒமேகா 3-ஐ நாயின் உடல் குறைவாகவே இபிஏ, டிஹெச்ஏ என்ற, மீன் எண்ணெயில் உள்ள வடிவங்களாக மாற்றுகிறது. மீன் எண்ணெய் கூடாது என்றால் நுண்பாசி எண்ணெய் இருக்கிறது.

சமைக்கும் விதம். பருப்பை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் ஃபைட்டேட்டில் ஒரு பங்கும் ஊறிய தண்ணீரோடு போகும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். ராஜ்மா பயன்படுத்தினால் ஊறவைத்தபின் குறைந்தது 10 நிமிடம் கொப்பளிக்கக் கொதிக்க வேண்டும். மந்தமான சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதிலுள்ள லெக்டின் நச்சு அழியாது, வாந்தி வரும். சோயா உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, பொடியாக நறுக்குங்கள். முழு உருண்டையைப் பெரிய நாய் மெல்லாமல் விழுங்கிவிடும். முட்டை வெந்திருக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின், பயோட்டின் என்ற பி வைட்டமினைக் கட்டிப்போடும். பாலில் லாக்டோஸ் இருப்பதால் வளர்ந்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வரலாம், தயிர் அதைவிடத் தாங்கும். கீரை வகைகளில் ஆக்சலேட் அதிகமுள்ளவை கால்சியத்தைக் கட்டுவதால் அன்றாடம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் நஞ்சுதான், திராட்சையும் உலர்திராட்சையும் அப்படியே. நமக்குச் செய்ததில் மிஞ்சியதை நாய்க்கு ஊற்றக்கூடாது என்பதற்கு வெங்காயம் ஒன்றே போதுமான காரணம்.

சமைத்தபின் மொத்தம் 1.1 முதல் 1.2 கிலோ வரும். இறைச்சி உணவைவிடக் கொள்ளளவு அதிகம். இதை ஒரே வேளையில் வைப்பது ஆபத்து. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலை வரும். நாளுக்கு ஒரே வேளையாகப் பெரிய அளவு உண்பதும் வேகமாக விழுங்குவதும் அதற்கு வழிவகுக்கும். மூன்று வேளையாகப் பிரியுங்கள், முடியாவிட்டால் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள். வயிறு கல்போல் உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் அலைந்தால் அடுத்த வேளை பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போகும் அவசரம் அது.

மூன்று நாள் உணவைச் சேர்த்துச் சமைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வைட்டமின் கலவையும் டாரினும் எண்ணெயும் கிண்ணத்தில் வைக்கும்போது சேருங்கள், அடுப்பில் வேண்டாம்.

மாற்றம் மெதுவாக நடக்க வேண்டும். முதல் வாரம் பழைய உணவில் கால் பங்கு குறைத்துப் புதியது கால் பங்கு, பிறகு வாரத்துக்கு ஒரு கால் பங்கு. நான்காம் வாரம் முழு மாற்றம். மலம் இறுகினால்தான் அடுத்த படி, தளர்ந்தால் அதே படியில் இன்னொரு வாரம். மலத்தின் அளவு கூடுவது இயல்பு. தொடர்ந்து வாயுவும் வயிற்று இரைச்சலும் இருந்தால் பருப்பை 60 கிராமாக்கி, ஒரு முட்டையும் 10 கிராம் ஓட்ஸும் கூட்டுங்கள். புரதமும் கலோரியும் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு: ஐந்து முட்டையின் இடத்தில் அதே கலோரிக்கு 120 கிராம் பன்னீர் வைத்தால் புரதம் 80 கிராமுக்கு அருகில் நிற்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கந்தக அமினோ அமிலங்கள் 3.2-லிருந்து 2.3 கிராமுக்கு இறங்கி, குறைந்தபட்சத்துக்கும் கீழே போய்விடுகின்றன. முட்டை தந்த கோலின் என்ற இன்னொரு சத்து 700 மில்லிகிராமுக்கு மேல். அது போனதும் 510 மில்லிகிராம் தேவையில் பாதிகூட மிஞ்சாது. டிஎல்-மெத்தியோனின், கோலின் இரண்டையும் மருத்துவர் கணக்கிட்டுச் சேர்த்தே ஆக வேண்டும். பாலும் கூடாது என்றால், பெரிய நாய்க்கு வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டு, வளர்ந்த நாய்க்கு முழுமையானது என்று உறையில் எழுதி, ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபீடியாஃப் அமைப்பின் அளவுகளைக் குறிப்பிட்டிருக்கும் தயார் உணவை வாங்குங்கள். துணை உணவு என்று எழுதியிருந்தால் அது தனித்து நிற்காது.

தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும், இதய எக்கோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். 3 மாதத்தில் ஒரு முறை, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் இறங்குகிறதா, இரத்தசோகை தெரிகிறதா என்று பாருங்கள். டாரினை முழு இரத்தத்தில் அளக்கச் சொல்லுங்கள், பிளாஸ்மா மட்டும் போதாது. முழு இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 நானோமோலுக்கு மேல் இருப்பது நல்லது, 150-க்குக் கீழே போனால் குறைபாடு. தாவர உணவு சிறுநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும். பிஎச் தொடர்ந்து 7.5-க்கு மேல் நின்றால் ஸ்ட்ரூவைட் என்ற தாதுப் படிகம் உருவாக வழி பிறக்கும். கிருமித்தொற்றும் சேர்ந்தால் கல்லாகும். ஆண் நாய் சிறுநீர் கழிக்க முக்கினால் அன்றே மருத்துவமனை.

வீட்டில் நீங்களே பார்க்க வேண்டியவை: வாரம் ஒரு முறை எடை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்தக்கூடாது. எடை அப்படியே இருந்தும் கண்ணுக்கு மேலுள்ள நெற்றிப் பகுதி குழிந்து, முதுகெலும்பு மேடாகத் தெரிந்தால் தசை கரைந்து கொழுப்பு ஏறுகிறது என்று பொருள். எடை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கமாக 30-க்குள் இருக்கும். பல இரவுகள் தொடர்ந்து 30-ஐத் தாண்டினாலோ, இருமல், படியேறத் தயக்கம், மயங்கி விழுதல் வந்தாலோ இதயத்தைப் பார்க்க வேண்டும். அப்போது டாரின் முடிவு வரும்வரை காத்திருக்காமல் உணவை உடனே மாற்றுங்கள். டாரின் குறையால் வந்த இதய விரிவு காலத்தோடு பிடிபட்டால் பல நாய்களில் மாதங்களில் தேறுகிறது.